லீவு முடியுதா? பாப்பாவின் பசிக்கு நேரம் கேளுங்கள்!

'பிரசவ லீவுதான் ஆறு மாசம் இருக்கே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று நினைக்கிறீர்களா? ஒரு நிமிஷம், காலண்டரை எடுங்கள்.

தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சட்டப்படி சம்பளத்தோடு கிடைக்கும் லீவு 26 வாரம். இதில் பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் வரை எடுக்கலாம். அப்படி எடுத்துவிட்டால், பிறகு மிச்சம் 18 வாரம்தான். நீங்கள் ஆபீஸ் திரும்பும்போது பாப்பாவுக்கு நாலு மாசம்தான் ஆகியிருக்கும்!

ஆனால், முதல் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறார்கள் டாக்டர்கள். நடுவில் இடிக்கும் அந்த இரண்டு மாசத்துக்கு என்ன செய்வது?

உடனே பால் பவுடர் டப்பாவைத் தேட வேண்டாம். பாப்பா குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். காலையிலிருந்து சாயங்காலம் வரை பாலை வெளியேற்றாமல் இருந்தால் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். சிலருக்குக் காய்ச்சலே வரும். நாளாக நாளாகச் சுரப்பும் குறைந்துவிடும். ஆக, உங்களுக்குத் தேவை டானிக் இல்லை... நேரம்!

அந்த நேரத்தைக் கேட்கச் சட்டத்திலேயே மூன்று வழிகள் உண்டு. 1961-ம் வருட மகப்பேறு நலச் சட்டத்திலும், அதற்கு 2017-ல் வந்த திருத்தத்திலும் இருந்த இவை, 2020-ம் வருட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கின்றன.

* வீட்டிலிருந்தே வேலை: வேலையின் தன்மை இடம் கொடுத்தால், லீவு முடிந்த பிறகு இப்படிச் செய்யலாம். எத்தனை நாள், என்ன நிபந்தனை என்பதை நீங்களும் நிர்வாகமும் பேசி முடிவு செய்ய வேண்டும். கொடுத்தே தீரணும் என்கிற கட்டாயம் இல்லை. அதனால்தான் கேட்கிற விதம் முக்கியம்.

* பாலூட்ட இடைவேளை: குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக தினம் இரண்டு முறை. இது உங்கள் உரிமை.

* குழந்தைகள் காப்பகம்: 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் இந்த வசதி இருக்க வேண்டும். ஓய்வு நேரத்தையும் சேர்த்து, நாளைக்கு நாலு தடவை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம்.

எப்போது கேட்பது? லீவில் போவதற்கு முன்பே! வாய் வார்த்தையாக விட்டுவிட்டால், மேனேஜர் மாறியதும் பேச்சும் மாறிவிடும். எழுதிக் கொடுங்கள். 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க சார்' என்றில்லாமல், 'இரண்டு மாதத்துக்கு வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன், மற்ற நாட்களில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து முன்னதாகக் கிளம்புகிறேன்' என்று கணக்காகக் கேளுங்கள். எந்த வேலையை எப்போது முடிப்பீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால், மறுப்பது கஷ்டம்.

ஆபீஸ் போகிற நாட்களுக்கு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான மூடி போட்ட பாத்திரத்தில் பாலை எடுத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அடுப்பில் சுட வைக்காமல், பாத்திரத்தை வெந்நீரில் வைத்து எடுத்து, பாலாடையில் புகட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மருமகள் வீட்டிலிருந்து வேலை பார்த்தால், அவள் 'சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்' என்று அர்த்தமில்லை. சமையலையும் குழந்தையையும் அவள் தலையிலேயே கட்டினால், கேட்டு வாங்கிய சலுகை தண்டனையாகிவிடும். அவள் வேலை பார்க்கும் நேரத்தில் பாப்பாவை யார் தூக்கி வைத்துக்கொள்வது என்று இன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள். அப்பாவுக்கும் அதில் ஒரு ஷிப்ட் இருக்கட்டும்!