தேக்கடிக் காவலர்

கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டின் தேனி மாவட்ட எல்லையை அடுத்து அமைந்திருப்பது தேக்கடி. 1895ஆம் ஆண்டில் முல்லைப் பெரியாற்றின் குறுக்கே அணை கட்டி முடிக்கப்பட்டது. பள்ளத்தாக்குகளில் நீர் நிறைந்து, மலைகளுக்கிடையே பெரியதோர் ஏரி தோன்றிற்று. அவ்வேரியைச் சூழ்ந்த காடு 1950ஆம் ஆண்டில் பெரியாறு வனவிலங்குச் சரணாலயம் எனப் பெயர் பெற்றது. 1978ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமும் ஆயிற்று. இன்று அதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். யானையும் புலியும் கடமானும் காட்டு மாடும் அங்கே வாழ்கின்றன.

சட்டத்தின் காவல் இருந்தும் காட்டிற்கு அழிவு நேர்ந்தது. காட்டை ஒட்டிய ஊர்களில் வாழ்ந்த சிலர், காவலர் கண்ணில் படாமல் உள்ளே புகுந்து, காட்டு இலவங்க மரங்களின் பட்டையை உரித்து விற்றுப் பிழைத்தனர். பட்டை உரிக்கப்பட்ட மரம் பட்டுப்போகும் அன்றோ? பிடிபட்டோர்மீது வழக்குகள் தொடரப்பட்டன. ஆயினும், வேறு பிழைப்பு இல்லாதவரை வழக்கு மட்டும் திருத்திவிடுமோ?

1996ஆம் ஆண்டில் அங்குச் சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. வனத்துறையினர் ஓர் உண்மையை எண்ணிப் பார்த்தனர். காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்தவர் அம்மனிதரே. அடிச்சுவட்டைக் கண்டே விலங்கு சென்ற திசையைக் கூற வல்லவரும் அவரே. அவ்வறிவைக் காட்டின் நன்மைக்குப் பயன்படுத்தினால் என்ன? 1998ஆம் ஆண்டில் அவர்களுள் இருபதுக்கு மேற்பட்டோர் பழைய தொழிலைக் கைவிட்டு, சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டிகள் ஆயினர்.

சிறு குழுவாக வரும் பயணிகளை அவர்கள் கால்நடையாகக் காட்டிற்குள் அழைத்துச் செல்வர். அட்டை கடியாதிருக்கத் தடித்த காலுறை அணிவிப்பர். கூடாரம் அமைத்து, உணவு சமைத்து அளிப்பர். துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவரும் உடன் செல்வார். இவ்வாறு பயணிகளோடு காட்டைச் சுற்றிவருவதே காவலாகவும் அமைந்தது. பயணிகள் செலுத்தும் கட்டணத்தால் அவர்கள் குடும்பங்கள் பிழைத்தன. மரம் நின்றாலன்றித் தம் வாழ்வு நில்லாது என்பதை உணர்ந்தமையால், மரம் வெட்டுவோரையும் வேட்டையாடுவோரையும் அவர்களே தடுக்கலாயினர். அக்காட்டுப் பழங்குடியினராகிய மன்னான், பளியர் மக்களும் இத்தகைய பணிகளில் ஈடுபட்டனர்.

காட்டின் இயல்பு கெடாமலும், அதனை அடுத்து வாழும் மக்கள் பயன்பெறவும் நடைபெறும் இவ்வகைப் பயணமே சூழல் சுற்றுலா எனப்படும். அதன் வெற்றி வழிகாட்டியை மட்டும் பொறுத்ததன்று. பயணியின் ஒழுக்கத்தையும் பொறுத்தது. உரக்கப் பேசுதல், விலங்குகளுக்குத் தின்பண்டம் எறிதல், பிளாஸ்டிக் பைகளை வீசுதல் ஆகியன காட்டிற்குத் தீங்கு விளைப்பன. கூட்டம் மிகுந்தாலும் விலங்குகள் அமைதி இழக்கும்.

மாணவர்களே! காட்டிற்குச் செல்லும் நாம் விருந்தினர் என்பதை மறவாதிருப்போமாக. தவறிய வழியில் சென்றவரும் தக்க பிழைப்பும் நம்பிக்கையும் பெற்றால் சிறந்த காவலர் ஆவர் என்பதற்குத் தேக்கடியே சான்று.