பெயரை மட்டும் வாங்கினால் போதுமா?

நல்ல பெயருள்ள பழைய கடையொன்றை வாங்கினால் வியாபாரம் தானாக நடக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பிரித்தானியாவின் ட்ரயம்ப் மோட்டார் சைக்கிளின் கதை வேறு பாடம் சொல்கிறது.

ஒரு காலத்தில் உலகமே விரும்பி வாங்கிய வண்டி அது. ஒயில் கசியாத, பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் ஜப்பான் வண்டிகள் வந்ததும், பழைய இயந்திரத்தையே நம்பியிருந்த ட்ரயம்ப் தளர்ந்தது. மெரிடன் தொழிற்சாலை 1983இல் மூடப்பட்டது. வீடு கட்டி விற்கும் தொழிலதிபர் ஜோன் புளூர் அதே வருடம் அந்தப் பெயரை வாங்கினார்.

அவர் அவசரப்படவில்லை. பழைய பொனவில் மாதிரியைச் சில காலம் தயாரிக்க இன்னொருவருக்கு அனுமதி கொடுத்தார். தாம் ஹிங்க்லியில் புதிய தொழிற்சாலை கட்டி, இயந்திரத்தை அடியிலிருந்து புதிதாக வடிவமைப்பித்தார். 1991இல்தான் அவ்வண்டிகள் விற்பனைக்கு வந்தன. ஒரே பாகங்கள் பல மாதிரிகளுக்குப் பொருந்தியதால் செலவு குறைந்தது. தரத்தில் நம்பிக்கை பிறந்த பின்னரே, 2001ஆம் ஆண்டு மாதிரியாகப் புதிய பொனவில் வந்தது.

என் அனுபவத்தில், பெயர் வாடிக்கையாளரை ஒரு தடவை உள்ளே அழைத்துவரும். மறுபடியும் அழைத்துவருவது சரக்குத்தான்.

ஆகவே நன்மதிப்புக்கென்று பணம் கொடுக்குமுன் இரண்டைப் பாருங்கள். பழைய வாடிக்கையாளர் ஏன் விலகினார்கள்? அந்தக் குறையைத் தீர்க்கவும், அதுவரை தாக்குப்பிடிக்கவும் கையில் முதல் மிஞ்சுமா? மிஞ்சாதென்றால் நீங்கள் வாங்குவது வெறும் பெயர்ப்பலகைதான்.