மூச்சு விடும் இடமெல்லாம் கமாவா?

கேள்வி: ஆங்கிலக் கட்டுரையில், வாசிக்கும்போது மூச்சு விடும் இடங்களில் எல்லாம் கமா போட்டேன். ரீச்சர் பாதியை வெட்டிவிட்டார். கமாவுக்கு விதிதான் என்ன?
– சாதாரண தர மாணவி, பூவரசங்குளம்

பதில்: நல்ல கேள்வி. மூச்சு விதி பொய்யல்ல, பழையது. சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியா நூலகத்தில் இருந்த அரிஸ்தோபனீஸ், உரக்க வாசிப்பவர் நிறுத்த வேண்டிய இடங்களைக் காட்டவே புள்ளிகளை வைத்தார். தமிழுக்கு நிறுத்தக்குறிகள் பிந்தித்தான் வந்தன. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றோரின் அச்சு நூல்கள் அவற்றைப் பரப்பின.

தமிழில் மூச்சைப் பார்த்துக் கமா போட்டாலும் பெரிதாகப் பிழைக்காது. ஐ, கு, இல் போன்ற வேற்றுமை உருபுகளே எந்தச் சொல் எதோடு சேரும் என்று சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் சொல் வரிசை செய்கிறது, கமா அதற்குத் துணை நிற்கிறது. ஆகவே அங்கே மூச்சை விட்டு, வாக்கியத்தின் மூட்டுகளைப் பாருங்கள்.

முதலாவது, எழுவாய் எவ்வளவு நீண்டாலும் அதற்கும் வினைக்கும் நடுவே ஒற்றைக் கமா கூடாது. ‘த கேர்ள்ஸ் ஃப்ரம் பூவரசங்குளம் வோக் டு ஸ்கூல்’ என்பதில், ஊர்ப் பெயருக்குப் பின் மூச்சு வரும், கமா வராது. தமிழ்ப் பழக்கத்தில் நாம் அதிகம் தவறுவது இங்கேதான்.

இரண்டாவது, முழுமையான இரு வாக்கியங்களைக் கமா மட்டும் ஒட்டவைக்காது. ‘இட் ரெயின்ட், வீ ஸ்டேய்ட் ஹோம்’ பிழை. கமாவுக்குப் பின் ‘ஸோ’ சேருங்கள், அல்லது முற்றுப்புள்ளி வையுங்கள்.

மூன்றாவது, இடைச்செருகல். அதாவது, எடுத்துவிட்டாலும் யாரைச் சொல்கிறோம் என்பது மாறாத பகுதி. அதற்கு இருபுறமும் கமா வேண்டும். ‘மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் கனடா, கேம் ஹோம்’ என்றால், உங்களுக்கு ஒரே சகோதரர், அவர் இருப்பது கனடாவில். இரண்டு கமாவையும் எடுத்தால், பல சகோதரர்களில் கனடாவில் இருப்பவர் வந்தார் என்றாகும். ‘கனடாவில் இருக்கும் அண்ணா வந்தார்’ என்ற தமிழ் வாக்கியம் இந்த வேறுபாட்டைக் காட்டாது. ஆங்கில விண்ணப்பக் கடிதத்தில், வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பதையே அந்தக் கமாக்கள் மாற்றிவிடும்.