கையால் வண்ணமிட்ட பழைய மீன் படங்கள்: காக்கச் சில குறிப்புகள்

பெர்லின் மருத்துவர் மார்க்குஸ் எலீசர் பிளாக் 1782 முதல் 1795 வரை வெளியிட்ட மீன் நூல் 12 பாகங்கள், 432 படங்கள் கொண்டது. செப்புத் தகட்டில் கோடுகளைச் செதுக்கி அச்சிட்டு, பிறகு ஒவ்வொரு தாளிலும் தூரிகையால் வண்ணம் தீட்டினார்கள். பழைய நூல்களைப் பிரித்துத் தனித்தாளாக விற்கும் வழக்கத்தால், இப்படங்கள் இன்று வீட்டுச் சுவர்களிலும் தொங்குகின்றன. உங்களிடம் ஒன்று இருந்தால்:

1. அசலா, பிற்கால அச்சா என்று அறிய ஒரு லென்ஸ் போதும். வண்ணம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது இயந்திர அச்சு. அசலில் கோடு அறுபடாமல் ஓடும். துடுப்பின் ஓரத்தில் நீலம் கோட்டைத் தாண்டி மயிரிழை வழிந்திருக்கும். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளமும் தெரியும். ஓரத்தை வெட்டிய தாள்களில் மட்டும் இந்தப் பள்ளம் இருக்காது.

2. பிளாக்கின் படங்கள் சிலவற்றில் செதில்களுக்கு வெள்ளிப்பூச்சு உண்டு. தாளைச் சற்றே சாய்த்துப் பாருங்கள், மீன் அப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்ததுபோல் மினுங்கும். காற்றிலுள்ள கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். கறுத்துவிட்டதே என்று தேய்த்துவிடாதீர்கள். கறுப்போடு செதிலும் வந்துவிடும். ரப்பரிலும் கந்தகம் உண்டு. அதனால் தாளைச் சுருட்டி ரப்பர் பேண்டு போடவே வேண்டாம்.

3. பச்சை நிறம் இருந்தால் தாளின் பின்புறத்தையும் பாருங்கள். செம்பிலிருந்து செய்த பழைய பச்சை, காலப்போக்கில் காகிதத்தை அரிக்கும். பின்னால் பழுப்பாகத் தெரிந்தால் அந்த இடம் நொறுங்கும் பதத்தில் இருக்கிறது என்று பொருள். அங்கே மடிப்பு விழக்கூடாது.

4. தண்ணீர் ஆகவே ஆகாது. இந்த வண்ணங்களைக் குழைத்தது கோந்தில். ஈரத்துணி பட்ட இடத்தில் இளகி ஓடிவிடும். பழுப்புப் புள்ளிகளைப் போக்க எலுமிச்சை, பிளீச்சிங் பவுடர் என்று இறங்க வேண்டாம். தூசியை மென்மையான, உலர்ந்த தூரிகையால் ஓரத்தில் மட்டும் தட்டினால் போதும். வண்ணம் உள்ள இடத்தைத் தொடாதீர்கள்.

5. பிரேம் போடக் கொடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். நான் நிற்கவில்லை. கெண்டை மீன் படம் ஒன்றைக் கடையில் கொடுத்துவிட்டு மாலையில் போனேன். தாள் முழுக்கப் பசை தடவி ஹார்ட்போர்டில் ஒட்டியிருந்தார்கள். இன்றும் அது பிரிக்க முடியாமல் அப்படியே கிடக்கிறது, ஓரமெல்லாம் பழுப்பேறி. பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. செலோடேப், பெவிகால், லேமினேஷன் மூன்றும் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அமிலமில்லாத அட்டையில், மெல்லிய ஜப்பானியக் காகிதத் துண்டு இரண்டைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். படமும் கண்ணாடியும் ஒட்டக்கூடாது. நடுவே மவுண்ட் இடைவெளி விட வேண்டும்.

6. வெயில் விழும் சுவர், சமையலறைச் சுவர், விளக்குப் புகை படியும் பூஜையறை, மழையில் நனையும் வெளிச்சுவர் இவற்றை விட்டுவிடுங்கள். அருங்காட்சியகங்களில் இத்தகைய தாள்களுக்கு 50 லக்ஸ் அளவுக்குத்தான் வெளிச்சம் விடுவார்கள். வெளுத்த நிறம் திரும்பி வராது.

7. கண்ணாடியைத் துடைக்கும் திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். கண்ணாடியில் நேராகத் தெளித்தால் பிரேம் இடுக்கு வழியாக உள்ளே இறங்கும்.

8. மழைக்காலம் முடிந்ததும் பிரேமின் பின்புறத்தை ஒருமுறை பாருங்கள். பழைய காகிதமும் பசையும் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. ஓலைச்சுவடிக்குப் பூசுவதுபோல் இதற்கு எண்ணெய் எதுவும் பூசாதீர்கள், கறை நிற்கும். பிரேம் போடாத தாள்களை அமிலமில்லாத உறையில் தட்டையாக வைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம்.

9. மவுண்ட் வெட்டும்போது படத்தின் அடியில் மீனின் பெயர் உள்ள வரியை மறைக்க விடாதீர்கள். பிளாக்குக்கு மீன்கள் அனுப்பியவர்களில் ஒருவர், தரங்கம்பாடியில் 1771 முதல் இருந்த பாதிரியார் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். ஒரு மீன் பேரினத்துக்கு ‘ஜானியஸ்’ என்று அவர் பெயரையே பிளாக் சூட்டினார். அதில் ஒரு மீனின் பெயர் ‘ஜானியஸ் கருத்தா’. நம் கடற்கரையில் கத்தாழை என்கிறோமே, அந்த வகைதான். ‘கருத்த’ என்ற தமிழ்ச்சொல் 1793-இல் அப்படியே லத்தீன் பெயரில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த வரியை அட்டைக்கு அடியில் புதைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

10. வெயில் படும் ஹாலில்தான் மாட்ட வேண்டும் என்று ஆசையா? பிளாக்கின் நூல் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிடித்த பக்கத்தை நல்ல தாளில் அச்செடுத்து ஹாலில் மாட்டுங்கள். அசல், இருட்டும் உலர்வுமான அலமாரியில் இருக்கட்டும். விருந்தினர் வந்தால் கை கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் எடுத்துக் காட்டுங்கள்.