பாதியில் வந்துவிடட்டுமா என்கிறான்

கேள்வி: அரசு மருத்துவமனையில் முதுநிலை முதலாண்டில் இருக்கும் என் மகன், 'விட்டுவிட்டு வந்துவிடட்டுமா?' என்கிறான். கஷ்டப்பட்டு வாங்கிய இடத்தை யாராவது விடுவார்களா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: விட நினைப்பவர்கள் ஏராளம். படிப்பு கசந்தல்ல, பெரும்பாலும் தூக்கமில்லாமல்தான்.

உங்கள் பக்கத்து முண்டியம்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 2010-இல் அங்கே வந்தது. நெடுஞ்சாலையில் வேன் கவிழ்ந்தாலும் சரி, 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்தவர்கள் மயங்கி விழுந்தபோதும் சரி, பலரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அங்கே. இப்படிப்பட்ட எந்த ஆஸ்பத்திரியிலும் ராத்திரி முதலில் ஓடி வருவது உங்கள் மகனைப் போன்ற பயிற்சி மருத்துவர். ரத்தம் எடுப்பது, ரத்த வங்கிக்கு அலைவது, கேஸ் ஷீட் எழுதுவது எல்லாம் அவர் தலையில். 'பெரிய டாக்டர் எங்கேய்யா?' என்று உறவினர் சட்டையைப் பிடித்தால் அதுவும்.

இவர்களுக்கு வாரம் 48 மணி நேரம்தான் வேலை, தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று மத்திய அரசு சொன்னது 1992-இல். உங்கள் மகன் அப்போது பிறந்திருக்கவே மாட்டான்! 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு சிபாரிசு செய்த வரம்போ வாரம் 74 மணி நேரம். ஏறியிருக்கிறதே தவிர இறங்கவில்லை.

அவனைத் திட்டாதீர்கள். கடைசியாக எப்போது முழு ராத்திரி தூங்கினான் என்று கேளுங்கள். முதலில் விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள். மனம் சோர்ந்திருந்தால் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-இல் பேசலாம், கட்டணமில்லை. அதற்குப் பிறகும் விடத்தான் வேண்டுமென்றால், இடத்தைக் கைவிட்டால் கட்டவேண்டிய பாண்டுத் தொகை எவ்வளவு என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.