பிறர்பொருள் வெஃகாமை

மாந்தரை உள்ளிருந்து கெடுக்கும் பகைகள் ஆறு என்பர் ஆன்றோர். காமம், குரோதம், உலோபம், மோகம், மதம், மாற்சரியம் என்பன அவை. இவற்றுள் உலோபம் இரு கூறுடையது. தன்னிடமுள்ள பொருளை உரிய இடத்தும் கொடாதிருத்தல் ஒன்று. தமிழில் அதனை இவறல் என்பர். பிறரிடமுள்ள பொருளை முறையின்றித் தனதாக்கிக்கொள்ள விரும்புதல் மற்றொன்று. அதனை வெஃகல் என்பர். இரண்டிற்கும் வேர் ஒன்றே. ‘போதும்’ என்னும் சொல் உள்ளத்தில் தோன்றாமையே அவ்வேர்.

ஆசை யாவும் குற்றமாகா. உழவன் நல்விளைச்சலை விரும்புகிறான். தாய் தன் மகவின் உயர்வை விரும்புகிறாள். தன் முயற்சியால் வருவதையும், பிறர்க்குக் குறைவு நேராமல் பெறுவதையும் விரும்புதல் அறத்தொடு பட்டதே. எல்லையும் உரிமையும் மறந்த விருப்பமே பேராசையாகிறது.

குறள் காட்டும் வரிசை

திருவள்ளுவர் இல்லறவியலில் வெஃகாமையைப் பதினெட்டாம் அதிகாரமாக வைத்தார். அதற்கு முன்னே நிற்பது அழுக்காறாமை; பின்னே நிற்பது புறங்கூறாமை. இவ்வைப்பு முறை சிந்திக்கத்தக்கது. அயலான் வாழ்வைக் கண்டு பொறாமை கொள்ளும் நெஞ்சு, அடுத்து அவன் பொருளை விரும்புகிறது. அது கிட்டாதபோது அவனைப் பற்றிப் புறங்கூறத் தொடங்குகிறது. ஒரு நோய் மற்றொரு நோயை ஈன்று செல்லும் முறை இதுவே.

கள்ளாமையோ துறவறவியலில், இருபத்தொன்பதாம் அதிகாரமாக அமைந்துள்ளது. பிறன்பொருளைக் கவர்வோம் என்று மனத்தால் எண்ணுதலும் தீது என்பது அங்குக் கூறப்படும் கருத்து. களவு கையில் தொடங்குவதன்று; நினைவில் தொடங்குவது. ஆதலின் பேராசையை வெல்ல விரும்புவோன் கையைக் காப்பதோடு அமையாது நினைவையும் காத்தல் வேண்டும்.

சண்டேசர் திருமுன்

மீன்சுருட்டிக்கு அணித்தே, சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராசேந்திர சோழன் எடுப்பித்த அப்பெருங்கோயிலின் வடபுற வாயிலருகே சண்டேசானுக்கிரக மூர்த்தியின் சிற்பம் உளது. உமையம்மையோடு அமர்ந்த பெருமான், தம் திருவடியில் பணிந்திருக்கும் சண்டேசரின் தலையில் கொன்றைமாலையைச் சூட்டும் காட்சி அது. சோழர் காலச் சிற்பங்களுள் தலையாயவற்றுள் ஒன்றாக அறிஞர் அதனைப் போற்றுவர்.

சேய்ஞலூரில் தோன்றிய விசாரசருமர் என்னும் சிறுவர், ஆநிரை மேய்த்து, மண்ணியாற்று மணலில் இலிங்கம் அமைத்து, பசுக்கள் தாமே சொரிந்த பாலால் ஆட்டினார் என்று பெரியபுராணம் உரைக்கும். அதனால் பசுவுடையார் இல்லங்களில் பால் சிறிதும் குறையவில்லை என்பதையும் சேக்கிழார் மறவாது குறிக்கிறார். பிறர் பங்கைக் குறைத்துச் செய்யும் வழிபாடு வழிபாடாகாது என்னும் நுட்பம் இதனுள் அடங்கியுள்ளது. தமக்கென ஒரு துளியும் கொள்ளாத அவ்வன்பருக்கே, இறைவன் உண்பன, உடுப்பன, சூடுவன அனைத்தும் உரியவாகும் பேறு கிட்டியது. சோழர் கல்வெட்டுகளில் கோயிலின் நிலவிற்பனை, கொடை முதலியன சண்டேசுவரர் பெயரால் நடைபெற்றமையும் காணலாம். ஏதும் விரும்பாதவரிடமே எல்லாவற்றையும் ஒப்படைக்கலாம் என்பது இதனால் பெறப்படும்.

சண்டேசர் திருமுன் அடியார்கள் இரு கைகளையும் விரித்துக் காட்டி, மெல்லத் தடவிக்கொள்வது வழக்கம். ‘சிவன்சொத்து எதனையும் யான் எடுத்துச் செல்லவில்லை’ என்பதே அச்செயலின் பொருள். பலர் இதனை அறியாது, அவரை எழுப்புவார் போலப் பேரொலி எழக் கைதட்டுகின்றனர். ஆடையின் நூலைப் பிரித்து அவர்மேல் இடுவாரும் உளர். இவை பொருந்தா. காட்ட வேண்டியது வெறுங்கை. அதனினும் மேலாக, வெறுமையான நெஞ்சு.

ஸ்ரீபுரந்தான் தரும் பாடம்

இப்பாடம் ஏட்டளவில் நிற்பதன்று. மீன்சுருட்டி சார்ந்த அதே உடையார்பாளையம் வட்டாரத்தில் ஸ்ரீபுரந்தான் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பிரகதீசுவரர் கோயிலில் சோழர் காலத்து நடராசர் திருமேனி இருந்தது. வழிபாடு குன்றிப் பூட்டிக் கிடந்த அக்கோயிலிலிருந்து, 2006ஆம் ஆண்டளவில் அத்திருமேனியும் வேறு சில திருமேனிகளும் களவாடப்பட்டன. களவு வெளிப்பட்டதோ 2008ஆம் ஆண்டில். இடைப்பட்ட காலமெல்லாம், பூட்டிய கதவுக்கு அப்பால் ஆடவல்லான் இல்லை என்பதை ஊர் அறியவில்லை.

கடல் கடந்த அத்திருமேனி, நியூயார்க்கில் கலைப்பொருள் வணிகம் நடத்திய சுபாஷ் கபூர் வழியாக, ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவிலுள்ள தேசியக் கலைக்கூடத்திற்கு 2008இல் விற்கப்பட்டது. விலை ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலர். அது நெடுங்காலத்திற்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறியது போலக் காட்டும் பொய்யாவணங்களும் உடன் வைக்கப்பட்டன. ஆயினும், புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னரே எடுத்து வைத்திருந்த ஒளிப்படம் உண்மையை உரைத்தது. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் தில்லிக்கு வந்தபோது, அத்திருமேனி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

சுபாஷ் கபூர் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டு, 2012இல் தமிழகம் கொண்டுவரப்பட்டார். அரியலூர் மாவட்டத்துச் சுத்தமல்லி வரதராசப் பெருமாள் கோயில் திருமேனிகள் களவுபோன வழக்கில், 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

இந்நிகழ்ச்சியில் பேராசை ஒருவர் நெஞ்சில் மட்டும் குடியிருக்கவில்லை. பூட்டை உடைத்தவனிடம் விரைவில் பணம் காணும் ஆசை. இடைநின்றவனிடம் உழையாமல் பங்கு பெறும் ஆசை. வணிகனிடம் அளவிறந்த இலாப ஆசை. வாங்கியோரிடம் அரிய பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் ஆசை. அவ்வாசை, ‘இது எவருடையது? எவ்வாறு வந்தது?’ என்னும் வினாவை நன்கு ஆராய விடவில்லை. ஒவ்வொருவரும் தம் பங்கு சிறிதென்றே எண்ணியிருக்கக்கூடும். சிறிய ஆசைகள் பல கூடியே, ஓரூரின் தெய்வத்தை ஊரைவிட்டு அகற்றின.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஒரு விளக்கேற்றவும் ஆளின்றிக் கோயில் பாழ்படுமாயின், அங்குக் கள்வனுக்கு வழி எளிதாகிறது. அன்பர் வருகையும் நாள்வழிபாடும் எந்தப் பூட்டினும் வலிய காவல்.

நம்முள் உறையும் கள்வன்

கோயிற்கள்வரைப் பழிப்பது எளிது. அதே குற்றம் சிறு வடிவில் நம்மிடம் உளதா என ஆராய்தல் அரிது. வரப்பை ஆண்டுதோறும் ஒரு சாண் தள்ளி வெட்டுதல், கோயில் நிலத்தைப் பயிரிட்டுக் குத்தகை நெல்லை அளவாது காலங்கடத்தல், எடையில் ஒரு கையளவு குறைத்தல், உடன்பிறந்தாள் பங்கை ஏமாற்றிக் கையெழுத்து வாங்குதல் ஆகிய அனைத்தும் வெஃகலின் வடிவங்களே. ‘சிவன் சொத்து குலநாசம்’ என்னும் பழமொழியை அச்சுறுத்தலாக மட்டும் கொள்ளுதல் கூடாது. பிறர்பொருளில் வளரும் பிள்ளைகள், பிறர்பொருளை விரும்பவே கற்கின்றனர். குலம் கெடும் வழி அதுவே.

பேராசையைக் கடக்கும் வழிகள்

முதலாவது, அளவறிதல். இவ்வாண்டு இல்லத்திற்கு வேண்டுவது இவ்வளவு என முன்னரே வரையறுத்துக்கொள்க. வரையறை இல்லாத மனத்திற்கு எத்துணை வரினும் போதாது.

இரண்டாவது, மூலம் வினவுதல். மலிவாகவோ எளிதாகவோ ஒரு பொருள் வருமாயின், அஃது எவருடையது, எவ்வழி வந்தது என வினவுக. விடை தெளிவாகாவிடின் கைக்கொள்ளற்க.

மூன்றாவது, முந்திக் கொடுத்தல். எஞ்சியதைக் கொடுப்போம் என்பான் ஒருநாளும் கொடான். வருவாய் வந்தவுடன் ஒரு பகுதியை, சிறிதாயினும், அறத்திற்கென எடுத்து வைக்கும் பழக்கம் இவறலை வேரறுக்கும்.

நான்காவது, திருப்பித் தருதல். முறையின்றி வந்தது ஏதேனும் தன்னிடம் இருப்பதாக ஒருவன் நெஞ்சு உறுத்துமாயின், வழிபாட்டினும் முந்திச் செய்யத்தக்கது அதனை உரியாரிடம் சேர்த்தலே. உண்டியலில் இடும் காணிக்கை அதற்கு ஈடாகாது. ஒரு நாட்டின் கலைக்கூடமே பெரும்பொருள் கொடுத்துப் பெற்றதைத் திருப்பி அளித்தது என்றால், தனிமனிதர்க்கு அஃது இயலாததன்று.

அடுத்த முறை சண்டேசர் திருமுன் நிற்குங்கால், கைகளை விரிக்குமுன் ஒரு கணம் நின்று நினைவுகூர்க. இக்கைகளில் பிறர்பொருள் ஏதும் உண்டோ? இந்நெஞ்சில் பிறர்பொருள் மேல் விருப்பம் உண்டோ? இரண்டிற்கும் இல்லை என்னும் விடையோடு விரியும் கைகளே இறைவனுக்கு உவப்பான காணிக்கை.