முடிவை நோயாளியிடம் விடாதீர்கள்

பக்கவாதம் பற்றிய விழிப்புணர்வுப் பேச்சு எல்லாமே நோய் வரப்போகிறவரைப் பார்த்துத்தான் பேசுகிறது. முகம் கோணுகிறதா, கை தளர்கிறதா, பேச்சு குழறுகிறதா, அப்படியானால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்கிறது. பக்கவாதம் வந்து மீண்டவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது. அந்த அறிவுரையைக் கேட்டு நடக்கவேண்டிய மூளைதான் அந்த நேரத்தில் அடிபட்டுக் கிடக்கிறது. ஆகவே அறிகுறிகளை மனப்பாடம் செய்யவேண்டியவர்கள் மனைவி, கணவன், பிள்ளைகள், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர். நோயாளிக்கு இந்த வரிசையில் கடைசி இடம்தான்.

மாரடைப்பு வந்தால் வலி பெரும்பாலும் ஆளை உட்காரவைத்துவிடும். ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில் பெரும்பாலும் வலியே இருக்காது. வலியை உணரும் நரம்புமுனைகள் மூளைத் திசுவில் இல்லை. மூளையின் வலப்பாதி அடிபட்டால் இடது கையும் காலும் விழும். சிலருக்கு அவை விழுந்ததே தெரியாது. கையைத் தூக்கச் சொன்னால் "தூக்கிட்டேனே" என்பார். கை மடியிலேயே கிடக்கும். அது பொய்யும் அல்ல, பிடிவாதமும் அல்ல. தன் உடம்பைக் கவனித்துக்கொண்டிருக்கும் பகுதியும் சேர்ந்து பழுதாகியிருக்கிறது. இடப்பாதி அடிபட்டால் சிக்கல் வேறு. பெரும்பாலோருக்கு மொழி இருப்பது அங்கேதான். "என்ன செய்யுது?" என்று நீங்கள் கேட்கும் கேள்வியே அவருக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம், அவர் தலையாட்டுவதை "ஒன்றுமில்லை" என்று நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள். "கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்" என்று அவரே தெளிவாகச் சொன்னாலும், அந்த வார்த்தைக்கு அப்போது மதிப்புக் கொடுக்கக் கூடாது.

ஏனென்றால் நேரம் அவ்வளவு குறைவு. பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006இல் நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி 3 மணி நேரத்துக்குள் பலன் தருகிறது என்று 1995இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2008இல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. தொடை வழியாகக் கம்பிக்குழாய் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் முறைக்கு 2018 ஆய்வுகளுக்குப் பிறகு 24 மணி நேரம் வரைகூட இடமுண்டு. அப்படியானால் எதற்கு இந்த அவசரம் என்று கேட்கலாம். அந்த 24 மணி நேரம் எல்லாருக்கும் உரியதல்ல. காப்பாற்றக்கூடிய திசு இன்னும் மிச்சமிருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான். நம் வீட்டு ஆள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா என்பது ஸ்கேன் எடுக்காமல் யாருக்கும் தெரியாது. இன்னொன்று, கடிகாரம் ஓடத் தொடங்குவது நாம் கவனித்த நிமிடத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்து. தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால் முதல் நாள் இரவு படுக்கப்போன நேரம்தான் கணக்கு. டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று அது. பதில் வீட்டாரிடம்தான் இருக்கும்.

வளர்ந்த மனிதர் வேண்டாம் என்னும்போது அவரை இழுத்துக்கொண்டு போவதா என்ற ஆட்சேபம் நியாயமானது. அதனால்தான் பேச்சை நோய்க்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்கிறேன். நல்ல நிலையில் இருக்கும்போதே, "எனக்கு அப்படி ஆனால் நான் என்ன சொன்னாலும் கேட்காதே, 108க்குப் போன் போடு" என்று ஒவ்வொருவரும் வீட்டில் சொல்லிவைக்கலாம். அப்போது மீறப்படுவது அவருடைய தெளிவான விருப்பம் அல்ல. இரவிலும் சி.டி. ஸ்கேன் ஓடுகிற ஆஸ்பத்திரி எது என்பதையும் அன்றே விசாரித்துவைக்கவேண்டும். தெருமுனை கிளினிக்கில் பிரஷர் பார்த்து ஒரு ஊசி போட்டு அனுப்பினால் போவது பொன்னான ஒரு மணி நேரம். கடைசியில் அது பக்கவாதமாக இல்லாமல் சர்க்கரை குறைந்ததாகவோ, வலிப்பாகவோ, முகநரம்பு வாதமாகவோ இருந்தால்? இருக்கட்டும். அதைப் பிரித்துச் சொல்லத்தான் ஆஸ்பத்திரி. வீண் செலவு வலிக்கும் என்பதை மறுக்கவில்லை. வருடக்கணக்கில் பிசியோதெரபிக்கும் ஆள் வைத்துப் பார்ப்பதற்கும் ஆகும் செலவு அதைவிட வலிக்கும்.

காத்திருக்கும் நேரத்தில் நல்லெண்ணத்தோடு செய்யும் காரியங்கள்தான் எனக்குப் பெரிய பயம். சோடா, காபி, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. விழுங்கும் தசையும் தளர்ந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரினும் கூடாது. பக்கவாதங்களில் பெரும்பாலானவை அடைப்பு. கணிசமான பங்கு ரத்தக்கசிவு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் கசிவுக்கு ஆஸ்பிரின் எண்ணெய் வார்த்த மாதிரி. விரல்நுனியில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தியும், கைகாலில் புறா ரத்தம் தேய்க்கும் பழக்கமும் செய்வது ஒன்றே ஒன்று: ஆம்புலன்ஸைத் தாமதப்படுத்துவது.

என் வாதத்துக்குக் கடினமான சோதனை, கால்மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும் தற்காலிகப் பக்கவாதம். இப்போது நோயாளி தெளிவாக இருக்கிறார், கையும் தூக்குகிறார், "பார், சரியாயிடுச்சு" என்கிறார். மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது. ஆனால் முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த 2 நாட்களில்தான் மிக அதிகம். இப்படிப்பட்டவர்களுக்கு உடனடியாகச் சிகிச்சை தொடங்கினால் அடுத்த 90 நாட்களில் பக்கவாதம் வரும் வாய்ப்பு சுமார் 80 சதவீதம் குறைகிறது என்று 2007இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு கண்டது. சரியாகிவிட்டது என்பதே அன்றைக்கே போவதற்கான காரணம்.

தடுப்பிலும் இதே கதைதான். 32 நாடுகளில் நடந்து 2016இல் வெளியான இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு, பக்கவாத ஆபத்தில் சுமார் 90 சதவீதத்தை மாற்றக்கூடிய 10 காரணிகளோடு இணைத்தது. அதில் முதலிடம் ரத்தக்கொதிப்புக்கு. அது உடம்புக்குத் தெரியாது. "எனக்குத்தான் தலைசுத்தலே இல்லையே" என்பது ஒரு சான்றே அல்ல; கருவி காட்டும் எண்தான் சான்று. "நார்மல் வந்தாச்சு, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்பவருக்கு, மாத்திரையால்தான் நார்மல் வந்தது என்று யாராவது சொல்லவேண்டும். ஏற்கெனவே ஒருமுறை பக்கவாதம் வந்தவர்களிடம் 2001இல் நடந்த புரோகிரஸ் ஆய்வில், ரத்த அழுத்த மாத்திரையால் மறுபடி வருவது 28 சதவீதம் குறைந்தது; கொதிப்பே இல்லாதவர்களுக்கும் பலன் இருந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாங்கப் போக முடியவில்லை என்ற காரணம் பலருக்கு இல்லை. விழுங்கினாரா என்று பார்க்கும் வேலைதான் பாக்கி. உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து. அதுவும் சாப்பிடுகிறவரைவிடச் சமைப்பவர் கையில்தான் இருக்கிறது. நாடித்துடிப்பு தாறுமாறாக இருக்கிறதா என்று மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கவும் வேறொருவரால் முடியும். அந்தச் சீரற்ற துடிப்பு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருந்தால் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு.

தனியாக இருப்பவர் என்ன செய்வார்? இங்கே என் வாதம் பலவீனமாகிறது, ஆனால் விழுந்துவிடவில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளை காலையும் இரவும் வீடியோ காலில் பேசினால், கோணிய முகம் கண்ணில் படும், கடைசியாக நன்றாக இருந்த நேரமும் பதிவாகும். வெறும் குரலில் முகம் தெரியாது. பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்துவைப்பது நல்லது. ஆனால் படுக்கும்போது உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் அந்தச் சாவியால் பயனில்லை.